அழைத்துச் செல்ல உரிமை உள்ளோர்

ஆரப்பாளையம் சிக்னலைத் தாண்டியதும் ஓரங்கட்டச் சொன்ன போக்குவரத்துக் காவலர் லைசென்ஸ் கேட்டார். தலையில் ஹெல்மெட் இருந்தது, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது, வாழ்க்கையில் எப்போதாவது வாய்க்கும் யோக்கியனின் திமிரோடு பர்ஸைத் திறந்து அட்டையை உருவி நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏண்ணே, இது பிள்ளையக் கூப்பிடப் போற கார்டுல்ல?" என்றார். அசடு வழிந்தேன். "இதுவும் காலாவதி ஆகி மூணு வருசம் ஆச்சே. லைசென்ஸாவது உயிரோட இருக்கா?" லைசென்ஸ் உயிரோடுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, போனால் போகிறதென்று ஒரு வார்த்தை கேட்டார்: "பாப்பா இப்ப எத்தனாப்பு?" அவள் இப்போது இருக்கிற ஊரில் வகுப்பை எண்ணும் கணக்கு வேறு. "பெரிய கிளாஸு சார்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

விளாங்குடியில் என் மகள் படித்த மழலையர் பள்ளியில், குழந்தையை வாசலில் யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதற்கு அட்டை கொடுப்பார்கள். மேலே பள்ளியின் பெயர், அதன் கீழே 'குழந்தையை அழைத்துச் செல்ல உரிமை உள்ளோர்' என்று கொட்டை எழுத்து, அதற்கும் கீழே மூன்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அட்டையைக் காட்டாவிட்டால் பெற்ற தகப்பனே ஆனாலும் வாட்ச்மேன் விடமாட்டார். ஒரு நாள் மறந்துபோய், என் மகளே உள்ளிருந்து "அது எங்கப்பாதான்" என்று சாட்சி சொல்லியும் விடவில்லை. மூன்று போட்டோவில் முதலாவது என் மனைவி, வேலை இண்டர்வியூவுக்கென்று எடுத்த படம். இரண்டாவது நான். சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதால் சிரிப்பை அடக்கி, விக்கல் வந்தவன் மாதிரி இருப்பேன். மூன்றாவது, கழுத்தில் குற்றாலத் துண்டோடு எங்கள் வேன் அண்ணன். இப்போது அந்த மூன்று பேரில் ஒருத்தி கடலைத் தாண்டிவிட்டாள், ஒருத்தர் உலகத்தையே தாண்டிவிட்டார், மிச்சம் உள்ள நான் இன்னும் விளாங்குடியைத் தாண்டவில்லை.

வேன் அண்ணன் என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்பார், நானும் அவரை அண்ணே என்பேன். எங்கள் ஊரில் அது வயசுக்கணக்கு அல்ல, மரியாதைக்கணக்கு. வில்லாபுரத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் குடிவந்தவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், ரோட்டில் மதுரைத் தமிழ், வண்டிக்குள் பிள்ளைகளோடு மட்டும் அவரே கண்டுபிடித்த ஓர் ஆங்கிலம். "பாப்பா, சிட்டிங்! நோ ஸ்டாண்டிங் ஜன்னல்!" காலை எட்டேகாலுக்கு எங்கள் தெருமுனையில் இரண்டு ஹாரன் அடிப்பார். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பிள்ளையின் அப்பாவுக்கு என்று சொல்வார், ஏனென்றால் தாமதம் எப்போதும் என்னால்தான். எந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாந்தி வரும், எது அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு ஏறியிருக்கிறது, எல்லாம் அவர் முன்கண்ணாடியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்.

என் மனைவி நர்ஸ். பல வருஷம் பரீட்சை எழுதி எழுதி, கடைசியில் ஒரு குளிர்தேசத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளும் ஐந்து வயது மகளும் முதலில் போவது, வீட்டை ஒழுங்கு பண்ணிவிட்டு ஆறு மாதத்தில் நான் போய்ச் சேர்வது என்று பேச்சு. அவளுக்குத்தான் ஆயிரம் வேலை. எனக்கு ஒரே ஒரு பொறுப்பு கொடுத்தாள்: "பாப்பாவுக்கு அங்க ஒரு நல்ல பள்ளிக்கூடமாப் பாருங்க." கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவன் நான். பாட்டில் மூடியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். இருபது வருஷமாக மூடி பொறுக்குகிறவனுக்குப் பள்ளிக்கூடம் பொறுக்குவது எம்புட்டுப் பெரிய வேலை என்று நினைத்தேன். பதினைந்தே நாளில் எனக்கு ராத்தூக்கம் போய், பகல் தூக்கம் வந்துவிட்டது. கம்பெனியில் கன்வேயர் பக்கத்தில் நின்றுகொண்டே தூங்கினேன். "மாப்ள, படிக்கப் போறது உன் மகளா நீயா?" என்று பக்கத்து லைன்காரன் கேட்டான். விரிசல் விட்ட மூடியெல்லாம் அந்த மாதம் நல்லதென்று பாஸாகிப் போயின.

இரண்டு பள்ளிக்கூடங்கள் மிஞ்சின. ஒன்று, மனைவிக்கு ஒதுக்கிய வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த சாதாரணப் பள்ளி. இன்னொன்று இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பெயர்பெற்ற பள்ளி. அந்த ஊர் அரசாங்கமே எல்லாப் பள்ளிக்கும் தரம் போட்டு வைத்திருந்தது, அதில் இது உச்சாணிக் கொம்பு. நான் பெரியதைப் பிடித்துக்கொண்டேன். நாம் வளர்ந்த விதம் அப்படி. ஒரு பள்ளி கிடைப்பது சுலபம் என்றால் அது நல்ல பள்ளியாக இருக்க முடியாது. வரிசையில் நின்று, வட்டச் செயலாளரைப் பார்த்து, பிள்ளைக்கு இண்டர்வியூ வைத்து, நமக்கும் வைத்து, கடைசியில் 'பார்க்கலாம்' என்று சொல்லும் பள்ளிக்கூடம்தானே நமக்குப் பள்ளிக்கூடம்.

வேன் அண்ணனிடம் யோசனை கேட்டது உண்மையில் பெருமை பீற்றத்தான். ஒரு சனிக்கிழமை அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் முன்சீட்டில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "விடுற நேரத்துல கேட்டுல நின்னு பாத்தீங்களாண்ணே?" எந்தப் பள்ளிக்கூடத்தையும் உள்ளே போய்ப் பார்க்கக் கூடாதாம். உள்ளே எல்லாரும் நாடகம் போடுவார்களாம். மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வருகிற விதத்தைப் பார்க்க வேண்டுமாம். "செருப்பு ஒரு கால்ல, டிபன் பாக்ஸ் மூடி இல்லாம, வாய் ஓயாமப் பேசிக்கிட்டு வந்துச்சுகன்னா நல்ல பள்ளிக்கூடம். சட்டை கசங்காம, வரிசையா, பேசாம வருதுகன்னா பணத்தக் கட்டிராதீங்க. நான் எட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிருக்கேன்."

கடல் தாண்டி இருக்கிற கேட்டில் போய் எப்படி நிற்பது? கைபேசியில் வரைபடத்தைத் திறந்து தெருவுக்குள் இறங்கி நடக்கிற வித்தையைக் காட்டினேன். அவர் அசந்துபோனார். இரண்டு பேரும் முன்சீட்டில் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு விரலால் அந்த ஊருக்குள் நடந்தோம். பெரிய பள்ளியின் வாசலில் இரும்புக் கதவும், வெட்டிவிட்ட செடிவேலியும், ஆளில்லாத நடைபாதையும் இருந்தன. சாதாரணப் பள்ளியின் வாசலுக்கு வந்ததும் "நிப்பாட்டுங்கண்ணே, ரிவர்ஸ் எடுங்க" என்றார். கேட்டுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் மாதிரி என்னவோ கிறுக்கியிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பையோடு ஒரு பிள்ளை. முகத்தை மட்டும் புகையாக அழித்திருந்தார்கள். அந்தப் படத்தில் யாருக்குமே முகம் கிடையாது. "முகம் எதுக்கு? கீழ பாருங்க, லேஸ் அவுந்து கெடக்கு. இதுலயே போடுங்கண்ணே" என்றார். நான் சிரித்தேன். ஷூ லேஸை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதா என்று அன்றைக்குச் சாயங்காலம் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பெரிய பள்ளிக்கு ஒரே ஓர் இடைஞ்சல். இண்டர்வியூ கிடையாது, சிபாரிசு கிடையாது. அந்தப் பள்ளியைச் சுற்றிக் குடியிருந்தால்தான் இடம். இதைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. இம்புட்டுத்தானா! விலாசம்தானே! எங்கள் ஊரில் மனுஷன் ஓர் இடத்தில் இருப்பான், அவன் விலாசங்கள் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். என் ரேஷன் கார்டு அண்ணன் வீட்டில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் பழைய வாடகை வீட்டின் பேரில் வருகிறது. ஓட்டுப் போட இன்றைக்கும் செக்கானூரணிப் பக்கம் போகிறேன். பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் இலவச இடம் என்று சட்டம் வந்தபோது, ஒரே மாடி போர்ஷனில் ஒன்பது குடும்பம் குடியிருப்பதாகக் காகிதம் காட்டிய ஊர் இது. இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. பிள்ளைக்காகச் செய்வதற்குப் பொய் என்று பேர் கிடையாது.

மனைவி சேரப்போகும் ஆஸ்பத்திரியிலேயே திருமங்கலத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பெரிய பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கிழவரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள். பார்சல் அனுப்பவேண்டும் என்று சொல்லி அவளிடம் விலாசத்தை வாங்கினேன். கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவரிடம் போய், என் மனைவி அந்த வீட்டில் குடியிருப்பதாக வாடகை ஒப்பந்தம் ஒன்று தயார் செய்தேன். பாதி அடித்துவிட்டு அவர் தலையைத் தூக்கி, "தாலுகா எதுன்னு போடண்ணே?" என்றார். இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். கடைசியில் தாலுகா இல்லாமலே விட்டுவிட்டோம். வீட்டு உரிமையாளரின் கையெழுத்தை நானே போட்டேன், அதுவும் இடது கையால். வலது கையால் போட்டால் என் கையெழுத்து என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்!

மறுநாள் வேன் அண்ணனிடம் இந்தச் சாமர்த்தியத்தையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும் தன் மகளுக்கு இங்கே இதையே செய்தவர்தான். ஆனால் ஹாரனைத் துடைத்துக்கொண்டே, "இங்க மாட்டுனோம்னா வார்டு ஆளைப் புடிப்போம், கால்ல விழுவோம், ஒரு வழி கெடைக்கும். அங்க மாட்டுனா யாரைப் புடிப்பீங்கண்ணே?" என்றார். "அங்க யாருண்ணே வந்து பாக்கப் போறா" என்றேன். மூடியில் விரிசல் இருக்கிறதா என்று இருபது வருஷமாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறவன், அதே வேலையைச் செய்கிற இன்னொருத்தன் அங்கேயும் உட்கார்ந்திருப்பான் என்று யோசிக்கவில்லை.

விண்ணப்பத்தை நானே கணினியில் போட்டேன். இடம் கிடைத்த பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். "நம்ம வீடு அங்க இல்லையேங்க?" என்றாள். "எல்லாம் அட்ஜஸ்ட் ஆயிரும், நீ கெளம்பு" என்றேன். கம்பெனியில் லட்டு கொடுத்தேன். பள்ளிக்கூடத்தின் கடைசி நாளில் வேன் அண்ணன் என் மகளை முன்சீட்டில் உட்கார வைத்து, மற்ற பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்ட பிறகு கடைசியாகக் கொண்டுவந்து விட்டார். அவள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சீட்டு அது. இறங்கும்போது, "போய்ட்டு வாரேன் மாமா" என்றாள். அவர் பதிலுக்கு ஹாரன் அடித்தார், இரண்டு தடவை.

இரண்டு மாதம் கழித்து என் விசாவுக்கு விண்ணப்பித்தேன். குடும்பம் அங்கே இருப்பதற்குச் சான்று கேட்டார்கள். மகளின் பள்ளிக்கூடக் கடிதத்தை வைத்தேன். அதில் இருந்த விலாசத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று என் கைத்தயாரிப்பான வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து வைத்தேன். பதற்றத்தில் இருக்கிறவன் ஒரு காகிதம் போதும் என்ற இடத்தில் இரண்டு வைப்பான். யாரோ ஓர் அதிகாரி, வேலையில் சுத்தமான ஆள், போனை எடுத்து அந்தக் கிழவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். தன் வீட்டில் குழந்தையே கிடையாது, அப்படி எந்த ஒப்பந்தத்திலும் தான் கையெழுத்துப் போடவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கடிதம் ஒன்றரைப் பக்கம். பொய்யான ஆவணம் கொடுத்ததால் விசா மறுக்கப்படுகிறது, இன்னும் பத்து வருஷத்துக்கு விண்ணப்பித்தாலும் மறுக்கப்படும். திட்டவில்லை, அவமானப்படுத்தவில்லை, 'அன்புள்ள ஐயா' என்றுதான் தொடங்கியிருந்தார்கள். காலில் விழலாம் என்று பார்த்தால் அந்தக் கடிதத்துக்குக் கால் இல்லை.

எல்லாம் நான் செய்தது, மனைவிக்குத் தெரியாது என்று எழுதிக்கொடுத்தேன். அதனால் அவள் வேலை தப்பியது. பெரிய பள்ளி மகளை வெளியே அனுப்பிவிட்டது. அவளைச் சேர்த்துக்கொண்டது, வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த அந்தச் சாக்பீஸ் பள்ளிக்கூடம்தான். விண்ணப்பித்த மூன்றாம் நாள், யார் சிபாரிசும் இல்லாமல்.

விஷயத்தை வேன் அண்ணனிடம் சொல்லப் போனேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவரோ கதவைத் திறந்து, "ஏறுங்கண்ணே" என்றார். அன்றைக்குப் பிள்ளைகளை விடுகிற நேரம். அவர் வண்டியில் நானும் முன்சீட்டில் உட்கார்ந்து விளாங்குடி முழுக்கச் சுற்றினேன். பின்னால் பதினோரு பிள்ளைகளும் இந்த அங்கிள் எந்த கிளாஸ் என்று விசாரித்தார்கள். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு அவர் கேட்டார்: "பாப்பா எப்படிண்ணே வெளிய வருதாம்?" மனைவி சொன்னதைச் சொன்னேன். முழங்காலில் சேறோடு, குல்லாவைத் தொலைத்துவிட்டு, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வருகிறாளாம். அந்தப் பள்ளிக்கூடத்தைத் தானே கல் வைத்துக் கட்டியவர் மாதிரி அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "பாத்தீங்களா!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வைப்பரைப் போட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மழையே இல்லை.

நீ திரும்பி வந்துவிடலாமே என்று மனைவியிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "பாப்பாவுக்கு அந்தப் பள்ளிக்கூடம் ரொம்பப் பிடிச்சிருச்சுங்க" என்றாள். நல்ல பள்ளிக்கூடமாகப் பாருங்கள் என்று சொன்னவளும் அவள்தானே. போன கோடையில் இருவரும் மூன்று வாரம் வந்திருந்தார்கள். வந்த இரண்டாம் நாள், மகள் என் பக்கத்தில் வந்து நின்று, "ஃபிரிட்ஜைத் திறக்கலாமாப்பா?" என்று கேட்டாள். விருந்தாளிப் பிள்ளைகள் அப்படித்தான் கேட்கும். நன்றாக வளர்த்திருக்கிறார்கள். "திற தாயி, உள்ள ஒரு பெங்குவின் இருக்கு, பாத்துத் திற" என்றேன். அவள் சிரித்தாள். எனக்காகச் சிரித்தாள்.

வேன் அண்ணன் போன ஐப்பசியில் போய்விட்டார். காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வேன் படியில் உட்கார்ந்தார் என்றார்கள். இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார். எட்டேகாலுக்குத்தான் வருகிறார். ஒரே ஹாரன்.

இப்போதும் இரவுச் சாப்பாட்டை முடித்ததும் நான் கைபேசியைத் திறந்து அந்தப் பள்ளிக்கூடத் தெருவில் நடக்கிறேன். அங்கே பள்ளி விடுகிற நேரம் இங்கே குளிர்காலத்தில் எட்டேமுக்கால், வெயில்காலத்தில் ஏழேமுக்கால். அவர்கள் ஊரில் கடிகாரத்தையே திருப்பி வைப்பார்களாம், விலாசத்தைத்தான் திருப்பக் கூடாது. நீலத் தபால்பெட்டி, கவிழ்த்து வைத்த மண்தொட்டி, மூலையில் உடைந்த பெஞ்சு, பிறகு கேட். நான் ஒரு நாளும் கால் வைக்காத அந்தத் தெருவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன். அந்தத் தெருவில் எப்போதும் ஒரே மேகம், ஒரே பகல், அதே சிவப்புப் பைப் பிள்ளை. போன மாதம் திறந்தால் படத்தைப் புதிதாக எடுத்து மாற்றியிருக்கிறார்கள். சாக்பீஸ் கட்டம் இல்லை, சிவப்புப் பை இல்லை. கேட்டுக்கு வெளியே, எட்டு வயசு இருக்கும், ஒரு பெண் யாரையோ எதிர்பார்த்து நிற்கிறாள். முகம் புகை. பெரிதாக்கிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், லேஸையும் பார்த்தேன். நிற்கிற விதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மனைவியிடம் கேட்கவும் இல்லை. அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்கு அதுவும் போய்விடும்.

நேற்று மனைவி கூப்பிட்டிருந்தாள். புது வகுப்புக்கு ஏதோ படிவம் கொடுத்திருக்கிறார்களாம். பிள்ளையை வந்து அழைத்துப் போகக்கூடியவர்கள் என்று இரண்டு பெயர் எழுத வேண்டும். இத்தனை நாள் இரண்டாவது இடத்தில் என் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். "இந்த வருசம் கேட்டாங்கங்க... கூப்பிட்டா அரை மணி நேரத்துல வந்து சேர்ற ஆளா இருக்கணுமாம்." "எழுதுறதுக்கு வேற யாரும் இருக்காங்களா?" என்றேன். கீழ்வீட்டு அம்மா இருக்கிறார்களாம், நல்ல மாதிரியாம். "விளாங்குடியில இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போகவே அரை மணி நேரம் ஆகுது. என்னைய நம்பிப் பிள்ளைய நிப்பாட்டிராத. அவங்க பேரையே எழுது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் ஜோக்குக்கு அவள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல்முறை.

போனை வைத்துவிட்டு அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூன்று முகமும் தெளிவாகத்தான் இருக்கின்றன, யாரும் புகையில்லை. விக்கல் வந்தவனும் அப்படியே இருக்கிறான். போலீஸ்காரர் சொன்னதுபோல் காலாவதியான சமாச்சாரம், அதை வீட்டில் எங்காவது வைத்துவிட்டு லைசென்ஸை முன்னால் வைத்துக்கொள்வதுதான் புத்தி. லைசென்ஸை உருவினேன். அதைப் பர்ஸின் பின் அறையில், இன்சூரன்ஸ் காகிதத்துக்கும் பின்னால் செருகினேன். அட்டையை முன்னாலேயே வைத்தேன். அடுத்த தடவை நிறுத்தினாலும் இதுதான் முதலில் கையில் வரும். வரட்டும்.